100 கிலோஹெர்ட்ஸில் தொடங்கும் சிக்னல் ஜெனரேட்டரை 18 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குவது எப்படி?

பாளை_வாத்தியார் · செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரோடு சேர்ந்து ஒரு விஎல்எஃப் (மிகக் குறைந்த அலைவெண்) ரிசீவர் கட்டிக்கொண்டிருக்கிறோம். சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் அங்கிருந்து வரும் எக்ஸ் கதிர், தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள, அயனி மண்டலத்தின் டி அடுக்கைக் கூடுதலாக அயனியாக்கும். அந்த நேரத்தில் தொலைவிலிருந்து வரும் விஎல்எஃப் அலையின் வலிமை சட்டென்று மாறும். அந்த மாற்றத்தைக் கணினியில் கோடாகப் பதிய வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

எங்களுக்குத் தெற்கே விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்கிறது. 1990 முதல் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம். அதன் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையைப் பிடிக்கலாம் என்று நினைத்தோம். ஒரு மீட்டர் மரச் சட்டத்தில் 50 சுற்று கம்பி சுற்றி லூப் ஆன்டெனா தயார். அது எந்த அலைவெண்ணில் ஒத்ததிர்கிறது என்று பார்க்கத்தான் வழியில்லை.

கையில் இருப்பது ரிச்சி தெருவில் பழைய சாமானாக வாங்கிய சிக்னல் ஜெனரேட்டர். லீடர் எல்எஸ்ஜி-17 போல ஆறு பேண்ட், 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 150 மெகாஹெர்ட்ஸ் வரை. 100-க்குக் கீழே இறங்காது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பேண்ட் சுவிட்ச்சைச் சுற்றிக் காயில்கள் இருக்கின்றன. முதல் பேண்டின் காயிலுக்கு இன்னும் கொஞ்சம் கம்பி சுற்றினால் போதுமா? இல்லை, கேங்குக்கு (டயல் குமிழோடு சுழலும் மாறும் கண்டென்சர்) குறுக்கே ஒரு கண்டென்சர் போட்டால் இறங்குமா?

கேங்_கண்டென்சர் · செவ்வாய், இரவு 10.15

சார், முதலில் அந்த மூடியைப் போட்டுத் திருகை முடுக்கிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் முப்பது வருஷம் ரேடியோ பழுது பார்த்தவன். உங்கள் கேள்வியை அப்படியே 1980-களில் நான் என்னிடமே கேட்டுக்கொண்டு, பதிலையும் நானே செய்து பார்த்தேன். எனக்கு அப்போது 60 கிலோஹெர்ட்ஸ் வேண்டியிருந்தது. கேங்குக்குக் குறுக்கே ஒரு சின்ன சுவிட்ச் வழியாக 1000 பிகோஃபாரட் கண்டென்சரை இணைத்தேன். சுவிட்ச்சைப் போட்டால் 60 வந்தது. சந்தோஷம். எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன்.

ஆகவில்லை. அந்த சுவிட்ச்சுக்குப் போன ஒயரும் சுவிட்ச்சின் உடம்பும் சேர்ந்தே பத்துப் பதினைந்து பிகோஃபாரட் இருக்கும். கண்டென்சரைத் துண்டித்தாலும் அது போகாது. கேங் எல்லா பேண்டுக்கும் பொது. அதனால் ஆறு பேண்டும் இடம் மாறின. முள் 455-ல் நிற்கிறது, வெளியே வருவது 438. எனக்குத் தெரியாது. அந்த வாரம் ஐஎஃப் (ரேடியோவுக்குள் இருக்கும் இடைநிலை அலைவெண், 455) கட்டிய நாலு ரேடியோக்களையும் 438-க்குக் கட்டிக் கொடுத்துவிட்டேன். ஒரு அம்மா மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "சிலோன் ஸ்டேஷன் இருந்த இடத்தில் இப்போது விசில்தானே கேட்கிறது தம்பி" என்றார்கள். நாலு வீட்டுக்கும் சைக்கிளில் போய்த் திரும்ப வாங்கி வந்தேன். டயலை மறுபடி சரிக்கட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ட்ரிம்மர் மேல் கம்பெனியில் வைத்த சிவப்பு லாக்கர் முத்திரையை நான் உடைத்ததுதான் கடைசி வரை மனசில் நின்றது.

நாற்பது_மீட்டர் · செவ்வாய், இரவு 11.05

ஐயா சொன்னதற்குக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் பாடமாகவும் ஆகும்.

கேங்கின் முழு மதிப்பு 430 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோஹெர்ட்ஸ் வர அந்தக் காயில் ஏறக்குறைய 5.9 மில்லிஹென்றி. மேல் முனையில் 300 வர மொத்தக் கொள்ளளவு 48 பிகோஃபாரட் அளவுக்கு இறங்க வேண்டும். அதாவது 48-லிருந்து 430 வரை ஒன்பது மடங்கு மாற்றம், அலைவெண்ணில் அதன் வர்க்கமூலம், மூன்று மடங்கு. இப்போது 1000-ஐச் சேர்த்தால் 1048-லிருந்து 1430. டயல் முழுக்கச் சுற்றினாலும் 55-லிருந்து 64 வரைதான் போகும். 200 கிலோஹெர்ட்ஸ் அகலம் இருந்த டயல் 9 கிலோஹெர்ட்ஸாகச் சுருங்கிவிட்டது.

18.2-க்கு இறக்க மொத்தம் 13,000 பிகோஃபாரட் வேண்டும். அதற்குப் பக்கத்தில் 430 பிகோ கேங் எந்த மூலைக்கு? டயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 300 ஹெர்ட்ஸ் கூட நகராது. அதோடு, சிறிய காயில், பெரிய கண்டென்சர் என்று ஆகும்போது சுற்றின் மின்மறுப்பு விழுந்துவிடும். ஆசிலேட்டர் கிளம்பாமலே போகலாம்.

காயிலைப் பெரிதாக்கினால்? 30 மடங்கு இண்டக்டன்ஸ் வேண்டும், ஏறக்குறைய 178 மில்லிஹென்றி. அத்தனை சுற்றுக்கு அந்த டப்பாவில் இடமே இல்லை. சுற்றுகளுக்கு இடையில் சேரும் கொள்ளளவு வேறு கேங்கின் குறைந்தபட்ச மதிப்பை உயர்த்தி, மேல் பாதியைத் தின்றுவிடும்.

ஆகவே ஆசிலேட்டரைத் தொடவே வேண்டாம். வெளியே வந்த அலையைப் பத்தால் வகுத்துவிடுங்கள். டயலில் 182 வையுங்கள், 18.2 வரும். 100–300 பேண்ட் அப்படியே 10–30 ஆகிவிடும். டயலில் ஒரு கோடு கூட மாற்றி எழுத வேண்டாம், ஒரு புள்ளி வைத்தால் போதும்.

எட்டுக்கால்_ஐசி · புதன், காலை 7.20

சார், வேலையைக் குறைக்க ஒரு வழி சொல்லவா? லேப்டாப்பின் சவுண்ட் கார்டு வினாடிக்கு 48,000 மாதிரி எடுக்கிறது என்றால் 24 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அதுவே உண்டாக்கும். 18.2-க்கு ஜெனரேட்டரே தேவையில்லை. ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு சுற்றுக் கம்பிக்கு 100 ஓம் வழியாகக் கொடுங்கள், அதை லூப்பின் பக்கத்தில் வையுங்கள். முடிந்தது. இல்லாவிட்டால் அலை உண்டாக்கும் ஏடி9850 மாட்யூல் ஒன்று வாங்கினால் படிகத் துல்லியத்தில் இங்கே வேண்டிய எந்த அலைவெண்ணும் வரும்.

பாளை_வாத்தியார் · புதன், இரவு 8.30

தம்பி, இன்று மதியமே செய்து பார்த்தோம், நன்றி. வந்தது. ஆனால் சார்ஜர் செருகியிருந்தபோது ரிசீவர் முழுக்க இரைச்சல். 18-ல் இருக்கும் அலையும் தெரியவில்லை, 20-லும் தெரியவில்லை. சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டியதும் பாதி அடங்கியது. மாடியில் எரிந்த எல்இடி குழல் விளக்கை அணைத்ததும் மீதியும் அடங்கியது. பிள்ளைகள் ஒவ்வொரு அறையாக ஓடி விளக்கை அணைத்துப் பார்த்ததே ஒரு பாடமாகிவிட்டது.

இருந்தாலும் எனக்கு ஜெனரேட்டரில்தான் செய்ய ஆசை. லேப்டாப்பில் எண்ணைத் தட்டினால் வருகிறது, சரி. குமிழைக் கையால் மெதுவாகத் திருப்பும்போது மீட்டர் முள் எழுந்து, உச்சிக்குப் போய், மறுபடி இறங்குவதைப் பார்க்கும் பிள்ளைக்கு ஒத்ததிர்வு என்றால் என்ன என்று நான் கரும்பலகையில் வரைய வேண்டியதில்லை. பத்தால் வகுக்கும் வழியை விவரமாகச் சொல்லுங்கள்.

நாற்பது_மீட்டர் · புதன், இரவு 9.50

சொல்கிறேன். கோயில் திருவிழாவில் ஓடும் சீரியல் விளக்குக்குப் போடுவார்களே, அதே சிடி4017 போதும். பத்து வரை எண்ணும் ஐசி அது. 12-ஆம் காலில் கேரி அவுட் இருக்கிறது. எண்ணிக்கை 0 முதல் 4 வரை உயர்ந்தும், 5 முதல் 9 வரை தாழ்ந்தும் நிற்கும். அதாவது சரிபாதி சதுர அலை. சரிபாதியாக இருந்தால் இரட்டைப்படை ஹார்மோனிக் (அலைவெண்ணின் மடங்குகளில் கூடவே வரும் அலை) கிட்டத்தட்ட வராது.

14-ஆம் கால் கிளாக். 13, 15 இரண்டையும் 8-ஆம் காலோடு சேர்த்து கிரவுண்டில் கட்டுங்கள். 16-க்கு 9 வோல்ட் பேட்டரி. மெயின்ஸ் அடாப்டர் வேண்டாம், ஏன் என்று நீங்களே இன்று பார்த்துவிட்டீர்கள்.

ஜெனரேட்டரிலிருந்து வருவது 0.1 வோல்ட் அளவுதான். 4017 அதைக் கண்டுகொள்ளாது. முன்னால் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போடுங்கள். கலெக்டருக்கு 9 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோ ஓம், கலெக்டரிலிருந்து பேஸுக்கு 1 மெகா ஓம், எமிட்டர் கிரவுண்டில், சிக்னல் 10 நானோஃபாரட் வழியாக பேஸுக்கு. கலெக்டரில் ஏறக்குறைய 5 வோல்ட் நின்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து நேராக 14-ஆம் காலுக்கு. 4017-இன் கிளாக் காலில் ஷ்மிட் ட்ரிகர் உள்ளேயே இருப்பதால் விளிம்பு மொட்டையாக இருந்தாலும் தப்பாக எண்ணாது.

வகுப்பதில் இன்னொரு நன்மை உண்டு. 182-ல் ஜெனரேட்டர் சூடேறி 50 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் 18.2-ல் அது 5 ஹெர்ட்ஸ்தான். கட்ட இரைச்சலும் (அலை நேரம் தவறி நடுங்குவது) பத்தால் வகுத்தால் 20 டெசிபெல் குறையும். பெரிய கம்பெனிகளும் இதைத்தான் செய்தார்கள். எச்பி 8640பி ஜெனரேட்டரில் ஒரே ஒரு கேவிட்டி ஆசிலேட்டர்தான். 512 மெகாஹெர்ட்ஸ் வரை அதுவே நேராகத் தரும், கீழ் பேண்டுகள் அத்தனையும் அதிலிருந்து இரண்டிரண்டாக வகுத்து எடுத்தவை.

கேங்_கண்டென்சர் · வியாழன், காலை 6.10

இந்த வழி எனக்கு அன்றைக்குத் தெரியாமல் போய்விட்டதே. 4017-ஐ விளக்கு ஓட்டத்தான் வாங்கி வைத்திருந்தேன், பெட்டி நிறைய.

ஒன்றை மட்டும் வாத்தியார் சாருக்குச் சொல்லிவிடுகிறேன். சிக்னல் ஜெனரேட்டர் என்றால் ஆசிலேட்டர் மட்டும் இல்லை. ஆசிலேட்டரை யார் வேண்டுமானாலும் கட்டலாம். அளந்து கொடுப்பதுதான் ஜெனரேட்டர். 4017-க்கு வெளியே வரும் அலை எப்போதும் 9 வோல்ட். பெட்டியில் இருக்கும் அவுட்புட் குமிழை நீங்கள் எத்தனை திருப்பினாலும் அது மாறாது. ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் சட்டென்று நின்றுவிடும், அவ்வளவுதான். ஆகவே அட்டென்யுவேட்டர் (சிக்னலை அளந்து குறைக்கும் சுற்று) நீங்கள்தான் செய்ய வேண்டும். 50 ஓம் கணக்கில் 20 டெசிபெல்லுக்கு இரண்டு பக்கமும் 62 ஓம், நடுவில் 240 ஓம். கணக்குக்கு 61-ம் 247-ம் வரும், கடையில் கிடைப்பது இதுதான், போதும். அதைப் போல மூன்று கட்டங்களைத் தனித்தனித் தகரப் பெட்டியில் வையுங்கள். ஒரே பெட்டியில் திறந்து வைத்தால் 60 டெசிபெல் என்று எழுதியிருக்கும், சிக்னல் காற்று வழியாகத் தாவிப் போய்விடும்.

ஐசியிலிருந்து நேராக அட்டென்யுவேட்டருக்குக் கொடுக்காதீர்கள். 4017-ஆல் 50 ஓமை ஓட்ட முடியாது. நடுவில் ஒரு எமிட்டர் ஃபாலோயர் (மின்னோட்டத்தைக் கூட்டிக் கொடுக்கும் டிரான்சிஸ்டர் சுற்று) போட்டு, 1 கிலோ ஓம் தொடரில் வையுங்கள்.

பாளை_வாத்தியார் · சனி, மாலை 6.45

கட்டிவிட்டோம். காலைப் பத்து மணிக்கு வெரோ போர்டில் ஆரம்பித்தோம், மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. பற்றவைத்தது முழுக்கப் பிள்ளைகள்.

ஒரு குழப்பம். டயல் 182-ல் இருக்கிறது. மல்டிமீட்டரின் அலைவெண் அளவில் 18.2 வராமல் 15, 17, 16 என்று ஆடிக்கொண்டே இருக்கிறது. ஐசியை மாற்றிப் பார்த்தோம், அதே கதைதான்.

நாற்பது_மீட்டர் · சனி, மாலை 7.00

மாடுலேஷன் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது? அவுட்புட் குமிழ்?

பாளை_வாத்தியார் · சனி, மாலை 7.25

இன்டர்னல் பக்கம். குமிழ் கால்வாசியில் இருந்தது. மாடுலேஷனை அணைத்துக் குமிழை முழுக்க ஏற்றியதும் 18.1, 18.1, 18.1. ஒரு பையன் கைதட்டிவிட்டான். ஆனால் ஏன்?

நாற்பது_மீட்டர் · சனி, மாலை 7.50

உள்ளிருக்கும் ஆடியோ ஆசிலேட்டர் அலையின் உயரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறது. குமிழும் குறைவாக இருந்ததால் பள்ளத்தில் அலை மிகச் சிறியதாகி, 4017 அந்தச் சில சுழற்சிகளை எண்ணாமல் விட்டுவிட்டது. எண்ணாமல் விட்டால் அலைவெண் குறைந்ததாகத்தான் தெரியும். வகுத்த பின் ஏஎம் மாடுலேஷன் எப்படியும் வெளியே வராது, அதனால் அந்த சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும்.

அடுத்து டயல் சரியா என்று பாருங்கள். பழைய டயலில் நூற்றுக்கு இரண்டு மூன்று தப்பு சாதாரணம். வானொலி நிலையமே உங்களுக்கு அளவுகோல். உங்கள் ஊர் ஆகாசவாணி 1197 கிலோஹெர்ட்ஸ். ஜெனரேட்டரின் ஒயரை ஒரு மீடியம் வேவ் ரேடியோவின் பக்கத்தில் வைத்து, ரேடியோவை நிலையத்தில் நிறுத்துங்கள். ஜெனரேட்டரை 200-க்குச் சற்றுக் கீழே மெதுவாகத் திருப்பினால் பாட்டோடு ஒரு கீச்சொலி வந்து, தடித்துக்கொண்டே போய், அடங்கும். அடங்கிய இடம் ஜீரோ பீட். உங்கள் ஆறாவது ஹார்மோனிக் 1197-ல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஆறால் வகுத்தால் 199.5. டயல் அங்கே என்ன காட்டுகிறதோ அதுதான் உங்கள் பிழை. 1197 கிடைக்காவிட்டால் எந்த மீடியம் வேவ் நிலையம் கேட்கிறதோ அதை வைத்து இதே கணக்கைப் போடுங்கள்.

இன்னொன்று, முதல் நாளே சொல்ல நினைத்தது. நீங்கள் கட்டபொம்மனுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறீர்கள். முப்பது நாற்பது கிலோமீட்டரில் தரையோடு வரும் அலையே எல்லாவற்றையும் மூடிவிடும். டி அடுக்கில் பட்டுத் திரும்பும் அலை அதற்குள் தெரியாது. 18.2-ல் பலமான சிக்னல் கிடைக்கும், சூரிய வெடிப்பு மட்டும் தெரியாது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் எக்ஸ்மவுத்தில் என்டபிள்யூசி நிலையம் 19.8-ல் ஓடுகிறது, 1 மெகாவாட். இந்துமாக்கடல் முழுக்கத் தாண்டி வரும். லூப்பை அதற்குக் கட்டுங்கள். டயலில் 198.

முத்துநகர் · சனி, இரவு 9.30

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் அதே மாதிரி பெட்டி. எனக்கு மேலே போக வேண்டும். 435 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரிசீவரைச் சரிபார்க்கணும். 145-ல் வைத்து மூன்றாவது ஹார்மோனிக்கை எடுத்தால்?

நாற்பது_மீட்டர் · சனி, இரவு 10.20

எடுக்கலாம், ரிசீவர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க. அதற்கு மேல் அதை நம்பாதீர்கள். வகுத்தால் எல்லாம் சுத்தமாகும் என்றேனே, பெருக்கினால் எல்லாம் கெடும். 145-ல் 10 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் 435-ல் 30. உங்கள் சேனலே 25 கிலோஹெர்ட்ஸ்தான். கட்ட இரைச்சல் 9.5 டெசிபெல் கூடும். எத்தனை மைக்ரோவோல்ட் வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு 145-ம் 290-ம் சேர்ந்து ரிசீவருக்குள் போகும். 435-க்கு ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர் கட்டாமல் அளக்க உட்காராதீர்கள். ஏடிஎஃப்4351 மாட்யூல் 35 மெகாஹெர்ட்ஸிலிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை தரும். உங்கள் தேவைக்கு அதுவே நல்லது. எதைச் செய்தாலும் கேபிளும் அட்டென்யுவேட்டரும் வழியாக மட்டும். ஆன்டெனாவில் செருகிவிடாதீர்கள்.

கேங்_கண்டென்சர் · ஞாயிறு, காலை 6.30

முத்துநகர் தம்பி, உங்கள் பெட்டியின் மேல் பேண்டில் காயிலை நெருக்கி விரித்து விளையாட ஆசை வரும். வேண்டாம். அங்கே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே டயல் போய்விடும்.

பாளை_வாத்தியார் · ஞாயிறு, இரவு 9.15

இன்று முழு நாளும் அதிலேயே இருந்தோம். எழுதிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

ஜீரோ பீட் முதலில். பையன் ஒருவன் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, இன்னொருவன் குமிழைத் திருப்பினான். கீச்சொலி தடித்துத் தடித்து, கடைசியில் தண்ணீர்க் குழாயில் காற்றுப் போவதுபோல் ஆகி அடங்கியது. டயல் 201 காட்டியது. ஒன்றரை கூட. ஒரு காகிதத்தில் எழுதி டயலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டோம்.

பிறகு லூப். 8.2 நானோஃபாரட் குறுக்கே போட்டிருந்தோம். ஒரு சுற்றுக் கம்பியை ஒரு மீட்டர் தள்ளித் தொங்கவிட்டு, 40 டெசிபெல் குறைத்துக் கொடுத்தோம். ஒரு பெண் குமிழைத் திருப்பிக்கொண்டே போனாள். 230-ல் முள் அசையவில்லை. 220-ல் லேசாக எழுந்தது. திருத்தம் போக 213-ல் உச்சி. அதாவது லூப் 21.3-ல் நின்றிருக்கிறது. 19.8-க்கு எத்தனை கண்டென்சர் கூட்ட வேண்டும் என்று அவளே நோட்டில் கணக்குப் போட்டு, 1.3 நானோ என்றாள். கடையில் அப்படி ஒன்று இல்லை. 1.2 நானோ போட்டோம், 19.9-க்கு வந்தது. அதன் மேல் 100 பிகோ ஒன்றைச் சேர்த்ததும் உச்சி சரியாக 198-ல்.

ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, லேப்டாப்பைப் பேட்டரியில் போட்டு, மாடி விளக்குகளை அணைத்துவிட்டுப் பார்த்தோம். 19.8-ல் ஒரு கோடு நிமிர்ந்து நின்றது. லூப்பைத் தென்கிழக்குப் பக்கமாகத் திருப்பினால் ஏறியது, குறுக்கே திருப்பினால் கிட்டத்தட்ட மறைந்தது. ஐயா, உங்கள் பேச்சைக் கேட்டு மூடியின் திருகு இன்றுவரை கழலவில்லை. மாலை ஐந்தரைக்குப் பதிய ஆரம்பித்தோம். இருட்டும்போது கோடு ஒருமுறை பள்ளமாக இறங்கி மறுபடி எழுந்தது. அது சூரியன் மறையும் நேரத்துக்கு உரிய பள்ளமா, எங்கள் சுற்றில் ஏதாவது தப்பா?

நாற்பது_மீட்டர் · ஞாயிறு, இரவு 9.40

சூரியன் மறைவதுதான் சார். இருட்டின் எல்லைக்கோடு உங்களுக்கும் எக்ஸ்மவுத்துக்கும் நடுவில் கடந்துபோகும்போது டி அடுக்கு பாதி வழியில் கலைகிறது. அங்கே உங்களைவிட இரண்டு மணி நேரத்துக்கு முன்பே இருட்டிவிடும். அதனால் இரண்டு மூன்று பள்ளங்கள் கூட வரலாம். நாளை நாலு மணிக்கே ஆரம்பித்து இரவு எட்டு வரை ஓடவிடுங்கள். விடியற்காலையும் பதியுங்கள், இதே மாதிரி திரும்ப வரும்.